மீன் தொட்டி வழக்கு



பங்குத் தந்தையைத் தேடி வரும் வழக்குகள் பலவகை. வரப்புத் தகராறு வரும். பாகப் பிரிவினை வரும். மாமியார் மருமகள் மனத்தாங்கல் வரும். முத்துப்பேட்டையில் அண்மையில் நம்மிடம் வந்ததோ ஒரு மீன் தொட்டி வழக்கு. சிரிக்க வேண்டாம். அந்த வீட்டில் தந்தையும் பதின்மூன்று வயது மகனும் நான்கு நாட்களாக முகம் கொடுத்துப் பேசவில்லை. பையன் இரவுச் சோற்றைத் தொடவில்லை. "சாமி, ஒரு மீனுக்காகப் பிள்ளையைத் தொலைச்சிடுவோம் போல இருக்கு. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று தாய் கண்கலங்கி நின்றார்.

நடந்தது இதுதான். வளைகுடா நாட்டில் பல ஆண்டுகள் உழைத்துத் திரும்பிய தந்தை, அங்கே பெரிய அங்காடிகளில் கண்ட கடல் மீன் தொட்டிகளை மறக்க இயலாமல், வீட்டுக் கூடத்தில் மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றை அமைத்தார். உப்புநீர், செயற்கைப் பாறை, வெண்மணல், மேலே நீல விளக்கு. முதலில் இரண்டு கோமாளி மீன்கள் வந்தன. பின்பு பொன் நிறத்தில் ஒரு சிறு மீன் வந்தது. அது மகனின் செல்லம். சில வாரங்கள் கழித்துத் தந்தை நகரத்துக் கடையிலிருந்து இன்னொரு மீனைக் கொணர்ந்தார். பச்சை உடல், முகத்தில் இளஞ்சிவப்புக் கோடுகள், பிறை போன்ற மஞ்சள் வால். பார்ப்பவர் யாவரும் வியந்தனர். பத்தாம் நாள் காலை, பொன் மீன் தொட்டியின் பின்புறத் தரையில் காய்ந்து கிடந்தது. "இரை போட்டுவிட்டு மூடியைத் திறந்து வைத்துவிட்டான்" என்று தந்தை கை ஓங்கிவிட்டார். "மூடினேன்" என்று மகன் சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை.

நாம் சென்றோம். முதலில் தந்தையிடமும் பேசவில்லை, மகனிடமும் பேசவில்லை. தொட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக் கால்மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். மீன்களே சாட்சி சொல்லிவிட்டன. பிறை வால் மீன் தொட்டியின் இக்கோடிக்கும் அக்கோடிக்குமாகக் காவலன்போல் உலவியது. கோமாளி மீன்கள் இரண்டும் நீரேற்றும் கருவியின் பின்னே ஒடுங்கி நின்றன. மேலே பார்த்தோம். கண்ணாடி மூடி ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் குழாய் நுழைவதற்காக ஒரு மூலையில் நான்கு விரல் அகலத்துக்கு வெட்டியிருந்தார்கள். துரத்தப்பட்ட மீனுக்கு அந்த நான்கு விரல் போதும்.

தீர்ப்பை அங்கேயே சொன்னோம்: குற்றம் பையனுடையதன்று. மூடியிலும் ஒரு குறை உண்டு. ஆனால் முதற்குற்றம் மீனைத் தேர்ந்தெடுத்ததில். இதை உரிமையோடு சொல்ல நமக்குத் தகுதி உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நாமும் பங்கு இல்லத் தாழ்வாரத்தில் ஒரு தொட்டி வைத்து, இதே பிறை வால் மீனின் குட்டியை விவரம் அறியாமல் வாங்கி, அது தன்னிலும் சிறிய மீன்களை ஒவ்வொன்றாக ஒழித்துக்கட்டியதைக் கண்டோம். ஆழம் அறியாமல் காலை விடாதே என்பார்கள். நாம் விட்டோம். ஆகவே இம்மாதம், கடல் மீன் தொட்டி வைக்க விரும்பும் குடும்பங்களுக்காக இதனைச் சற்று விரித்து எழுதுகின்றோம்.

இவை எத்தகைய மீன்கள்?

அந்தப் பொன் மீனும் பிறை வால் மீனும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்றால் நம்புவீர்களா? ஆங்கிலத்தில் ராஸ் என வழங்கும் இக்குடும்பத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. விரல் நீளத்தில் வளர்ச்சி முடிந்துவிடும் இனமும் உண்டு. ஆளுயரத்தையும் மிஞ்சி வளரும் நெற்றிப்புடைப்பு ராஸும் உண்டு. வாலை வீசி நீந்துவதைவிடப் பக்கத் துடுப்புகளை மேலும் கீழும் அசைத்தே இவை பெரும்பாலும் நகர்கின்றன. நம் காயலில் தோணிக்காரர் துடுப்புப் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த நடை உடனே விளங்கும்.

இவற்றின் வாழ்வில் வியப்பான ஒன்று உண்டு. இக்குடும்பத்தின் பல இனங்களில் பெண் மீன் பின்னர் ஆணாக மாறும். 1972ஆம் ஆண்டு ராபர்ட்சன் என்னும் ஆய்வாளர், ஆஸ்திரேலியப் பவளத் திட்டுகளில் தாம் கண்டதை வெளியிட்டார். துப்புரவு ராஸ் என்னும் இனத்தில் ஓர் ஆணும் சில பெண்களும் கூட்டமாக வாழ்கின்றன. ஆண் இறந்துவிட்டால், பெண்களுள் பெரியது சில மணி நேரத்துக்குள் ஆணைப்போல் நடக்கத் தொடங்கி, சில வாரங்களில் முழு ஆணாகவே மாறிவிடுகிறது. தொட்டி வைப்பவர் இதிலிருந்து அறிய வேண்டியது என்ன? இம்மீன்களுக்கு யார் பெரியவர், யார் சிறியவர் என்னும் வரிசை உயிர் போன்றது. பரந்த கடலில் தோற்றவன் ஓடிப் பிழைப்பான். மூன்றடித் தொட்டியில் ஓடுவதற்கு இடம் ஏது? மேல்நோக்கிப் பாய்வது ஒன்றுதான் வழி.

எவற்றை வாங்கலாகாது?

கடையில் விற்கும்போது யாவும் குட்டிகளே. இங்கேதான் கண் ஏமாறுகிறது. ஆகவே, "இது எவ்வளவு அழகு?" என்று கேட்பதற்கு முன், "இது எவ்வளவு வளரும்? எதைத் தின்னும்?" என்று கேட்பீர்களாக.

பிறை வால் ராஸ் நம் மன்னார் வளைகுடாவில் வாழும் மீன். ஓரடி அளவுக்கு வளர வல்லது. ஓயாது நீந்துவது, சிறு மீனையும் இறாலையும் நண்டையும் வேட்டையாடுவது. ஆறடித் தொட்டியில் தனக்கு நிகரான மீன்களோடு அது வாழட்டும். சிறு தொட்டிக்கு அது ஆகாது.

கோரிஸ் என்னும் இனத்தின் குட்டிகள் வெண்பட்டைகள் அணிந்து பொம்மைபோல் இருக்கும். இந்துமாக் கடலில் வாழும் கோரிஸ் ஃபார்மோசா வளர்ந்தால் இரண்டடி நீளத்தை எட்டும். இரை தேடிக் கல்லைப் புரட்டும். உங்கள் பாறை அமைப்பையே கலைத்துவிடும்.

ஆறு கோட்டு ராஸ் மூன்று அங்குல மீன்தான். உருவத்தில் சிறியது ஆதலால் சிறு தொட்டிக்கு ஏற்றது என்று பலர் வாங்குகின்றனர். ஆனால் தொட்டியைத் தன் சொத்து என எண்ணிவிடும் குணம் அதற்கு உண்டு. பின்னால் வரும் எந்தச் சாதுவான மீனையும் விடாது விரட்டும். உருவம் சிறிது என்பதனால் குணமும் சிறிது என்று எண்ணலாகாது.

நான்காவதாக, துப்புரவு ராஸ். நீலமும் கருமையும் கலந்த இம்மெல்லிய மீன் பெரிய மீன்களின் உடலிலும் வாயிலும் நுழைந்து ஒட்டுண்ணிகளைத் தின்று வாழ்கிறது. மன்னார் வளைகுடாவிலும் உண்டு. "தொட்டியைச் சுத்தமாக வைக்கும்" என்று சொல்லி விற்பார்கள். இது சரியன்று. அது தொட்டியைத் துடைக்கும் மீன் அன்று. மீன்களைத் துடைக்கும் மீன். நாள் முழுதும் பல மீன்கள் வந்து நின்றால்தான் அதற்கு வயிறு நிரம்பும். நான்கு மீன் உள்ள தொட்டியில் அது வந்த மீன்களையே ஓயாது தொல்லை செய்து, வேறு இரை பழகாவிடில் மெலிந்து இறக்கும்.

அதைக் கடலிலிருந்து எடுப்பதால் வரும் இழப்பும் சிறிதன்று. ஆஸ்திரேலியாவின் பல்லித் தீவு அருகே, சில சிறு பவளத் திட்டுகளிலிருந்து இம்மீனை எட்டு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து அகற்றிப் பார்த்தனர். 2011ஆம் ஆண்டு முடிவு வெளிவந்தது. அத்திட்டுகளில் மீன்களின் எண்ணிக்கையும் குறைந்தது, இனங்களும் குறைந்தன. ஊருக்கு ஒரே மருத்துவர் இருந்து அவரையும் அனுப்பிவிட்டால் என்ன ஆகுமோ, அதுவே அங்கும் ஆயிற்று.

எவை ஏற்கும்?

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியில் ஏறத்தாழ 57 லிட்டர் நீரே கொள்ளும். அதில் ராஸ் எதுவும் வேண்டாம் என்பதே நம் அறிவுரை. இரண்டு கோமாளி மீன்கள் போதும். மூன்றடி நீளமும், அகலமும் உயரமும் ஒன்றரை அடியும் இருந்தால் ஏறத்தாழ 190 லிட்டர். இதில் ஒரே ஒரு சிறு ராஸ் வாழலாம். இரண்டு வகைகளைக் குறிப்பிடுவோம்.

முதலாவது, ஹாலிகோயரஸ் இனத்தின் மஞ்சள் மீன்கள். மேற்குப் பசிபிக்கின் முழுமஞ்சள் மீனும், மாலத்தீவு, அந்தமான் கடற்பகுதிகளின் மேல்மஞ்சள் கீழ்வெண்மை மீனும் ஐந்து அங்குலத்துக்குள் நின்றுவிடும். பிற மீன்களை அதிகம் வம்புக்கு இழுப்பதில்லை. பாறையில் ஒட்டும் தட்டைப் புழுக்களையும், சிப்பிகளை அரிக்கும் சிறு நத்தைகளையும் தின்று உதவி செய்யும். ஆனால் சிறு அலங்கார இறால்களைத் தின்னக்கூடும். இறால் வைத்திருப்பவர் எண்ணிச் செய்க. இறந்த பொன் மீன் இவ்வகையினதே.

இரண்டாவது, சிர்ரிலாப்ரஸ் இனம். ஆங்கிலத்தில் தேவதை ராஸ் என்பர். நீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களைத் தின்பதால் இறாலுக்கும் நண்டுக்கும் பெரும்பாலும் தீங்கில்லை. ஆனால் இவ்வினத்தில் ஆண்கள் இரண்டு ஒரே சிறு தொட்டியில் சேரா. துள்ளி வெளியே விழுவதிலும் இவற்றை மிஞ்ச ஆள் இல்லை.

இவ்வினத்தைப் பற்றி ஒரு செய்தி. மாலத்தீவுக் கடலில் ஆழத்தில் வாழும் ரோஜா நிற ராஸ் ஒன்றை, 2022ஆம் ஆண்டில்தான் தனி இனமாக அறிஞர் பெயரிட்டனர். அந்நாட்டின் தேசிய மலரான ரோஜாவின் பெயரையே அதற்குச் சூட்டினர். பெயரிட்டவர்களுள் மாலத்தீவைச் சேர்ந்த அறிஞரும் ஒருவர். ஆனால் பெயர் வருவதற்கு முன்பே அந்த மீன் வண்ண மீன் வணிகத்தில் விற்பனைக்கு வந்துவிட்டது! தன்னைப் பெயர் சொல்லி அறிவதற்கு முன்பே விலை சொல்லி விற்கும் உலகம் இது. ராஸ் மீன்களில் பெரும்பாலானவை இன்றும் கடலில் பிடிக்கப்படுபவையே. கோமாளி மீன்களோ அப்படியல்ல. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தினரும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தினரும் அவற்றைத் தொட்டியிலேயே இனம்பெருக்கிக் காட்டியுள்ளனர். வளர்ப்புக் குஞ்சு கிடைக்குமாயின் அதனையே வாங்குவது சிறப்பு.

வீட்டில் செய்ய வேண்டியவை

முதலாவது, நீர். "பக்கத்திலேயே காயல் இருக்கிறதே, குடத்தில் மொண்டு வரலாகாதா?" என்று அந்தத் தந்தை கேட்டார். ஆகாது. முத்துப்பேட்டைக் காயலில் பாமணியாறு, கோரையாறு முதலிய ஆறுகள் கலக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பு மிகவும் குறையும். கோடையில் மிகவும் ஏறும். வயல்களில் தெளித்த மருந்தும் வடிகால் வழியே வரக்கூடும். அலையாத்தி மரமும் கொடுவாயும் இறாலும் அதைத் தாங்கப் படைக்கப்பட்டவை. பவளக் கடலின் மீன் தாங்காது. ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பும், 25 முதல் 27 பாகை வெப்பமும் மாறாதிருக்கும் நீர் வேண்டும். உப்புப் பொடியைத் தூய நீரில் கரைப்பதே நலம். நீரை நிரப்பியவுடன் மீனை விடக் கூடாது. கழிவு நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பொறுத்தார் பூமி ஆள்வார், தொட்டியும் ஆள்வார்.

இரண்டாவது, மணல். ஹாலிகோயரஸ் மீன் இரவில் மணலுக்குள் புதைந்து உறங்கும். ஆகவே இரண்டு அங்குல ஆழத்துக்கு மெல்லிய மணல் தேவை. புதிதாக வந்த மீன் இரண்டு மூன்று நாள் வெளியே வராமலும் இருக்கும். செத்துவிட்டதென்று குச்சியால் தோண்டாதீர். தேவதை ராஸ் மணலைத் தேடாது. பாறை இடுக்கில் தன்னைச் சுற்றிச் சளிப்போர்வை ஒன்றை நெய்துகொண்டு உறங்கும்.

மூன்றாவது, மூடி. கண்ணாடியைவிட மெல்லிய வலை சிறந்தது. காற்றும் புகும், வெப்பமும் தங்காது. குழாய் நுழையும் இடத்தையும் வலையால் அடையுங்கள்.

நான்காவது, வரிசை. சாதுவான மீனை முதலில் விடுக. ராஸ் மீனைக் கடைசியில் விடுக. நிறத்திலும் வடிவிலும் ஒத்த இரண்டை ஒன்றாக விடாதீர். புதியதை முதற்சில நாட்கள் துளையிட்ட நெகிழிப் பெட்டியில் வைத்து உள்ளே மிதக்கவிட்டால், பழையவை அதன் முகத்துக்குப் பழகிக்கொள்ளும். அதற்கும் முன்னே, நோய் உண்டா என்று அறிய இரண்டு மூன்று வாரம் தனித்தொட்டியில் வைப்பது முறை. அங்கும் ஒரு கிண்ணம் மணல் இருக்கட்டும். செம்பு கலந்த மருந்துகளை இம்மீன்களுக்குக் கையாள்வதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்.

ஐந்தாவது, இரை. பகலெல்லாம் மேயும் மீன் இது. ஒருவேளை நிறையப் போடுவதைவிட இரண்டு மூன்று வேளை சிறிது சிறிதாகப் பொடியாக நறுக்கிய இறால் போடுவது நன்று.

ஆறாவது, மின்சாரம். 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயலை நாம் மறக்கவில்லை. தென்னையும் கம்பமும் சாய்ந்து, ஊர்கள் பல நாட்கள் இருளில் கிடந்தன. அப்போது தொட்டியைப் பற்றி நினைக்க யாருக்கும் நேரமில்லை, அது சரியே. ஆனால் சாதாரண மின்தடைக்காவது மின்கலத்தில் ஓடும் காற்றுக் கருவி ஒன்று கையிருப்பில் வேண்டும். சித்திரை வெயிலில் நீர்ப்பரப்பின்மேல் சிறு மின்விசிறி வைத்தால் சூடு தணியும். ஆவியாகும் நீருக்கு ஈடாக நன்னீரையே ஊற்றுக. உப்பு ஆவியாகிப் போவதில்லை.

பவளம் பற்றி ஒரு சொல்

அந்த வீட்டில் இன்னொரு பேச்சும் எழுந்தது. உயிருள்ள பவளம் ஒரு துண்டு தருவதாக யாரோ ஒருவர் சொன்னாராம். வேண்டவே வேண்டாம் என்றோம். கல் பவளங்கள் அனைத்தும் 2001ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. எடுப்பதும், விற்பதும், வாங்குவதும் குற்றம். மேல்நாட்டுப் படங்களில் காணும் பவளத் தொட்டியை நம் நாட்டில் அப்படியே வீட்டில் அமைக்க வழியில்லை. சிமெண்டாலோ சுட்ட மண்ணாலோ செய்த பாறையே போதும். மீனுக்கு வேண்டியது ஒளிய இடமே.

சட்டம் இருக்கட்டும். மீனவர் "பார்" என்று அழைக்கும் பவளத் திட்டுகள் மண்டபம், இராமேஸ்வரம் அருகிலும், தூத்துக்குடி வரை நீளும் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிலும் உள்ளன. முன்னாளில் அவற்றை வெட்டிச் சுண்ணாம்புக்கு விற்றோம். 1986ஆம் ஆண்டு 21 தீவுகளைக் கொண்ட கடல் தேசியப் பூங்கா அங்கே அமைந்தது. அதன் பின்னும் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. பாரில் பவளம் இருந்தால்தான் மீன்; மீன் இருந்தால்தான் மீனவர் வீட்டில் உலை. நம் கூடத்தின் அழகுக்காக அதிலிருந்து ஒரு துண்டு பெயர்க்கலாமா?

வழக்கு முடிந்தது

இவற்றையெல்லாம் அன்று மாலை எளிய சொற்களில் எடுத்துரைத்தோம். தந்தை எழுந்து போய், மூடியின் மூலையில் தம் நான்கு விரல்களை வைத்துப் பார்த்தார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு மகன் பக்கம் திரும்பி, "நீ மூடிட்டுத்தான் வந்திருக்கே. நான்தான் பாக்கலை" என்றார். பையன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு இருவரும் சேர்ந்து வலை வெட்டி மூடிக்குப் பொருத்தினார்கள் என்று தாய் மறுநாள் வந்து சொன்னார்.

பிறை வால் மீனை என்ன செய்வது? "காயலில் விட்டுவிடலாமா?" என்று பையன் கேட்டான். கூடாது. தொட்டி நோயைக் கடலுக்குக் கொடுப்பதாகும். காயல் நீரில் அதுவும் பிழைக்காது. ஆறடித் தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் அதைச் சேர்ப்பித்தார்கள். கோமாளி மீன்கள் மூன்றாம் நாள் வெளியே வந்தனவாம். புதிய ராஸ் வாங்க அவசரம் இல்லை என்று வீட்டார் முடிவு செய்துள்ளனர். நமக்கும் அதுவே சரியாகத் தோன்றுகிறது.

வீட்டுக்கு எதைக் கொணர்ந்தாலும், முன்பே அங்கே வாழ்பவர்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துக் கொணருங்கள். ஏதேனும் உடைந்தாலோ இறந்தாலோ, கை ஓங்குவதற்கு முன் மூடியையும் ஒருமுறை பாருங்கள். இந்த வழக்கில் நாம் கூறும் தீர்ப்பு இவ்வளவே.